எந்த மொன்ஸ்டரை முதலில் இறக்குவது? புதிதாக டி.எம். ஆகிறவர்களுக்கு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் ஆடத் தொடங்கினால், இரண்டாவது தேநீர் வருவதற்குள் ஒரு வாக்குவாதம் நிச்சயம்: மொன்ஸ்டர்களில் எது சிறந்தது? ஒருவர் ட்ராகன் கட்சி. இன்னொருவர் ஸொம்பி, எலும்புக்கூடு என்று செத்தவர்களின் கட்சி. வீடியோ கேமில் ஊறிய தம்பி ஒருவர், கொப்ளின் இல்லாமல் கதையா என்பார். கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் சனிக்கிழமை பின்நேரம் மேசையில் எதையாவது இறக்கியே ஆகவேண்டிய ஆளுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அந்த ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையாவது விரும்புகிற மொன்ஸ்டர்தான் நல்ல மொன்ஸ்டர். அதற்கு எத்தனை பல், எத்தனை தலை என்பதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

1. விளையாட்டைக் கையில் எடுங்கள்

ஆட்டத்தை நடத்துகிற ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். மற்ற மூன்று முதல் ஐந்து பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம். டி.எம். சூழலைச் சொல்லி, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். செய்வது பலிக்குமா என்பது சந்தேகமாக இருந்தால் 20 முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள். மிச்சமெல்லாம் இதன் விரிவுதான்.

அந்தப் பகடைக்காகக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம். போனில் உருட்டித் தரும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 முதல் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான மொன்ஸ்டர்களின் விவரமும் அதில் உண்டு. தமிழில் இல்லை, கூட்டத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னால் போதும். கண்கள் முளைத்த உருண்டையான பிஹோல்டர், மூளை தின்னும் மைண்ட் ஃப்ளேயர் இரண்டின் விவரமும் அதில் இராது. அவற்றை விளையாட்டை வெளியிடும் நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்டது. முதல் ஆட்டத்துக்கு இரண்டுமே தேவையில்லை.

2. கட்சி சேர முன் வகைகளைப் பாருங்கள்

கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த விளையாட்டை வெளியிட்டது 1974இல். மொன்ஸ்டர்களுக்கென்றே தனிப் புத்தகம் 1977இல் வந்தது. அதில் உள்ளவை எல்லாம் பெரிய புராண ஆராய்ச்சியில் பிறந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்தைத் தலையும் கரடி உடம்பும் கொண்ட அவுல்பெயர், இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மொன்ஸ்டர், நிலத்துக்கடியில் நீந்தி வரும் புலெட் ஆகிய மூன்றும் ஹொங்கொங்கில் செய்த மலிவுப் பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துக் கற்பனை செய்யப்பட்டவை. ஆகவே பஸாரில் தொங்கும் பொம்மைப் பையிலிருந்து உங்கள் மொன்ஸ்டர் பிறந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாம் பதிப்பு எல்லாவற்றையும் 14 வகையாகப் பிரிக்கிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மேசையில் அடிக்கடி வருபவை சில: சாதாரண விலங்குகள், மனிதரும் மனிதரைப் போன்ற இனங்களும், அன்டெட் எனப்படும் செத்தும் நடமாடுபவை, ட்ராகன்கள், இராட்சத மனிதர், ஃபே எனப்படும் காட்டு மாயாவிகள், நரகத்துப் பிசாசுகள். இவை தவிர, களிபோல ஊர்ந்து வந்து விழுங்கும் ஊஸ், யாரோ செய்து உயிரூட்டிய பொறிகள், நடக்கும் செடிகள் என்று பட்டியல் நீளும்.

வகை என்பது வெறும் முகவரிதான். முகவரி மாறவும் செய்யும். 2014 புத்தகத்தில் மனிதரைப் போன்ற இனமாக இருந்த கொப்ளின், 2025இல் வந்த புதிய மொன்ஸ்டர் புத்தகத்தில் ஃபே ஆகிவிட்டது. "கொப்ளின் எந்த வகை?" என்று உங்கள் மேசையில் இருவர் மோதினால், இருவரும் வேறு வேறு புத்தகத்தை வாசித்திருக்கலாம்.

நம் ஆட்களுக்குச் சிரிப்பு வரும் ஒரு இடமும் உண்டு. இந்த விளையாட்டின் ராக்ஷஸா புலித்தலையோடு வரும், உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும். இராமாயணக் கூத்தில் அரக்கரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது யாரென்றே தெரியாது. பெயரை விட்டுவிட்டு, வேடம் மாற்றி மனிதரை ஏமாற்றும் அதன் குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. "எது சிறந்தது?" என்பதை மூன்று கேள்வியாக உடையுங்கள்

அதற்கு என்ன வேண்டும்? அது வருவதற்கு முன் ஆட்களுக்கு என்ன தென்படும்? வாளை உருவாமல் அதைச் சமாளிக்க ஒரு வழியாவது இருக்கிறதா? மூன்றுக்கும் உங்களிடம் விடை இருந்தால் அந்த மொன்ஸ்டர் மேசைக்கு வரத் தகுதியானது. இல்லாவிட்டால் எண்ணைக் குறைத்துக் குறைத்து அடித்து முடிப்பதுதான் மிச்சம். அரைமணி நேரத்தில் ஒருவர் போனை நோண்டத் தொடங்குவார்.

இந்த மூன்றையும் வைத்துக் கட்சிகளைப் பார்ப்போம்.

ட்ராகனுக்கு ஆசை நிறைய: பொன், புகழ், பயந்து நிற்கும் ஊர். நிறத்தைப் பார்த்து அது என்ன கக்கும் என்றும் சொல்லிவிடலாம். சிவப்பு நெருப்பு, நீலம் மின்னல், பச்சை நஞ்சு, கறுப்பு அமிலம், வெள்ளை உறைகுளிர். வருமுன்பே ஆயத்தமாக இது போதும். அதோடு ட்ராகன் பேசும். ஆனால் புதிய டி.எம்.மார் அதை கடைசி அறையில் கட்டிவைத்த மாடாக்கி, வெட்டுவதற்கு மட்டும் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் ஆட்டத்தில் ட்ராகனோடு சண்டையே வேண்டாம். தூது போகட்டும், பேரம் பேசட்டும், பொய் சொல்லி மாட்டிக்கொள்ளட்டும்.

எலும்புக்கூட்டுக்கும் ஸொம்பிக்கும் சொந்தமாக ஒரு ஆசையும் இல்லை. அது அவற்றின் குறை. ஆனால் பாடம் கற்பிக்க அவற்றைவிட நல்லது கிடையாது. எலும்புக்கூட்டுக்கு 13 உயிர்ப்புள்ளி, அடிபட அடிபடக் குறைந்து தீர்ந்தால் விழுந்துவிடும். தடி, சுத்தியல் போன்றவற்றால் அடித்தால் இரட்டிப்புச் சேதம். ஸொம்பிக்கு 22, விழவேண்டிய அடி விழுந்த பிறகும் சிலவேளை ஒரு புள்ளியோடு எழுந்து நிற்கும். "வாளை வைத்துவிட்டு உலக்கையை எடு மச்சான்!" என்று ஒருவர் தானாகவே கண்டுபிடிக்கும்போது மேசை உயிர்பெறும். அவற்றை எழுப்பி அனுப்பியவர் யார், எதற்கு என்று ஒரு ஆளைப் பின்னால் வைத்தால் ஆசைக் குறையும் தீர்ந்துவிடும்.

கொப்ளின் சின்ன உருவம், 7 உயிர்ப்புள்ளி. அடித்துவிட்டு அதே முறையில் ஒளிந்துகொள்ளத் தெரியும் என்பதுதான் அதன் பலம். தலைவனுக்குப் பயம், வயிற்றுக்குப் பசி, இரண்டும் உண்டு. பிடிபட்டால் எல்லாவற்றையும் கக்கிவிடும். புதியவர்களுக்கு இதைவிட வசதியான எதிரி குறைவு. வெறுமனே ஓடிவந்து வெட்டுப்படும் கொப்ளின்களை மட்டும் வைக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது ரஸ்ட் மொன்ஸ்டர். அதற்கு வேண்டியது இரும்பு, அவ்வளவுதான். மாயமில்லாத இரும்பு வாள், கவசம் எல்லாம் அது தொட்டால் துரு. வீரன் அலறுவான், பையிலிருந்து நாலு ஆணியை வீசுகிறவன் தப்புவான். மூன்று கேள்விக்கும் ஒரே மிருகத்தில் விடை.

பெட்டி மாதிரி நடிக்கும் மிமிக் ஒரு தடவைக்கான பகிடி. இரண்டாம் தடவை வைத்தால் ஆட்கள் எந்தப் பெட்டியையும் கதவையும் குத்திப் பார்க்காமல் நகரமாட்டார்கள், ஆட்டம் ஊர்ந்துபோகும். ஒரு சுற்றுக்கு 10 உயிர்ப்புள்ளி மீண்டும் முளைக்கும் ட்ரோல் அருமையானது. நெருப்பாலோ அமிலத்தாலோ சுட்டால்தான் அந்த முளைப்பு நிற்கும். பழைய ஆட்டக்காரர் மேசையில் இருந்தால் முன்கூட்டியே வாயைப் பொத்தச் சொல்லுங்கள், புதியவர்கள் தாங்களே கண்டுபிடிக்கட்டும். ஆனால் புத்தகம் தரும் வலிமைத் தரத்தில் அது 5, கணக்கைக் கீழே சொல்கிறேன். முதல் நாளுக்கு ஆகாது. தரம் 30இல் நிற்கும் டராஸ்க் என்ற மாபெரும் மிருகத்தைப் பற்றி வாதாடுவது தேநீர் நேரப் பேச்சு.

4. கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒவ்வொரு மொன்ஸ்டருக்கும் ஒரு வலிமைத் தரம் இருக்கும். பாத்திரங்கள் லெவல் 1இல் தொடங்கிப் படிப்படியாக ஏறும்; தரத்தின் எண்ணுக்குச் சமமான லெவலில் உள்ள நாலு பேர் கொண்ட குழு பெரிய சேதமில்லாமல் வெல்லக்கூடியது என்று பொருள். தரம் 1 என்றால் லெவல் 1 குழுவுக்கு. இதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். எத்தனை மொன்ஸ்டர் என்பதுதான் ஆளைக் கொல்லும்.

ஐந்தாம் பதிப்பின் முதல் விதிகளான 2014 விதியில் ஒவ்வொரு மொன்ஸ்டருக்கும் அனுபவப் புள்ளி உண்டு, கொப்ளினுக்கு 50. லெவல் 1இல் நாலு பேருக்கு மொத்தம் 100 என்றால் லேசு, 200 நடுத்தரம், 300 கடினம், 400 ஆளைக் கொல்லும். இரண்டு மொன்ஸ்டர் வந்தால் கூட்டிய தொகையை ஒன்றரையால் பெருக்க வேண்டும். மூன்று முதல் ஆறு வரை என்றால் இரண்டால். இரண்டு கொப்ளின்: 100, ஒன்றரை மடங்கில் 150. சரி, வைக்கலாம். நாலு கொப்ளின்: 200, இரண்டு மடங்கில் 400. நாலு பேருக்கு நாலு கொப்ளின், சமமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் கணக்கு அதை ஆளைக் கொல்லும் சண்டை என்கிறது. ஒரு சுற்றுக்கு நாலு அடி, அதுவும் ஒளிந்திருந்து விழும் அடி.

ஓகர் என்ற முரட்டு இராட்சதன் ஒன்று வந்தால்? 450 புள்ளி, 400ஐத் தாண்டிவிட்டது. அதன் தடி ஒரு அடிக்குச் சராசரி 13 சேதம் தரும். லெவல் 1 மந்திரவாதிக்கு எட்டு உயிர்ப்புள்ளி அளவில்தான் இருக்கும். ஓகரை வைக்கலாம், ஆனால் அது நித்திரை கொள்ளும்போது ஆட்டை மீட்டுக்கொண்டு ஓடிவரும் கதையாக வையுங்கள்.

அதைத் திருத்தி வந்த 2024 விதியில் இந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள், எல்லைத் தொகைகளும் வேறு. எதை வேண்டுமானாலும் பின்பற்றுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். நான் இங்கே தரும் எண்களெல்லாம் 2014 கணக்கு.

5. ஊர்ச் சட்டை போடுங்கள்

எண் புத்தகத்தினுடையது, ஆள் நம்முடையது என்பதுதான் முறை. பனிமலையும் கோட்டையும் யாருக்கும் கண்ணில் வராது. வாவிக்கு மேற்கே படுவான்கரை வட்டை, அதாவது வயல்வெளி, என்றால் ஒரு வரியில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

முதல் கதைக்கு நான் சொல்வது களவெட்டி, நெல் சூடடிக்கும் களம். சூடு மிதித்த காலத்தில், களத்தில் குவிந்த பொலியை, அதாவது நெற்குவியலை, பூதம் கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கை இருந்தது; அதனால் களத்துக்குள் சில சாமான்களுக்கு வழக்கமான பெயரைச் சொல்லாமல் வேறு பெயர் சொல்வார்கள். இப்போது வெட்டு மெசின் வந்து இதெல்லாம் போய்விட்டது, ஆனால் வீட்டில் அம்மப்பாவையோ மூத்தாப்பாவையோ கேட்டால் நாலு சொல்லாவது கிடைக்கும். இதை அப்படியே விளையாட்டு விதியாக்குங்கள். நிறைய வயல் வைத்திருக்கும் போடியார் ஒருவர் ஒரு இரவுக் காவலுக்கு ஆட்களைப் பிடிக்கிறார். களத்துக்குள் நிற்கும்போது மேசையில் யாராவது "நெல்" என்றோ "சாக்கு" என்றோ வாய்தவறிச் சொன்னால், பாத்திரம் பேசியது இல்லை, ஆட்டக்காரர் பேசியதுதான், ஒரு மூட்டை மறைந்துவிடும். பத்து மூட்டையில் தொடங்குங்கள். பகடை எடுக்காமலே மேசை பதறும்.

பூதத்துக்கு இம்ப் என்ற குட்டிப் பிசாசின் எண்களை எடுத்துக்கொள்ளலாம். தரம் 1, உயிர்ப்புள்ளி 10, கண்ணுக்குத் தெரியாமல் மறையும், 200 புள்ளி என்பதால் நடுத்தரச் சண்டை. அதன் நச்சுக் கொடுக்கை மட்டும் எடுத்துவிடுங்கள், லெவல் 1க்கு அது அதிகம். வெள்ளி அல்லாத சாதாரண ஆயுதம் அதற்குப் பாதிச் சேதம்தான் செய்யும். அப்போ யாருடைய வெள்ளி அரைஞாண் கழற்றப்படும் என்று ஒரு நல்ல வாக்குவாதம் வரும். பேசியும் தீர்க்கலாம். களத்தில் தனக்கொரு பங்கு கேட்கிறது, கொடுப்பீர்களா?

யானையைச் சண்டைக்கு இறக்காதீர்கள். அம்பாறைப் பக்கம் வயல் வைத்திருப்பவர் யாராவது மேசையில் இருந்தால் அவர் சொல்லித் தருவார்: பரண், யானை வெடி, தீப்பந்தம், விடியும்வரை முழிப்பு. புத்தகத்தில் யானை தரம் 4, 76 உயிர்ப்புள்ளி. லெவல் 1 ஆட்கள் நேரே நின்றால் மிதிபடுவார்கள். அதைக் கொல்வதல்ல, திருப்பி அனுப்புவதுதான் வெற்றி என்று சொல்லிவிட்டால் ஆட்கள் மூளையைப் பாவிப்பார்கள்.

வாவிக்கு முதலை போதும். தரம் அரை, 19 உயிர்ப்புள்ளி, கடித்தால் விடாது. ஒன்று என்றால் லேசு, இரண்டு என்றால் 200, ஒன்றரை மடங்கில் 300, கடினம். தோணியில் இருக்கும்போது வந்தால் அந்தக் கணக்கும் போதாது. இரவு வயலில் தூரத்தில் தெரியும் கொள்ளிவாய்ப் பிசாசுக்குப் புத்தகத்தில் வில்-ஓ-விஸ்ப் என்று ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ஒளியைக் காட்டி ஆட்களைச் சேற்றுக்குள் இழுப்பதுதான் அவர் தொழில். அடிப்பது கடினம், தரம் 2. வழிதவறச் செய்யட்டும், சண்டை பிறகு.

மட்டக்களப்பு வாவியில் பாடுவதாகச் சொல்லும் மீனை மட்டும் மொன்ஸ்டராக்காதீர்கள். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். கல்லடிப் பாலத்தடியில் பாட்டு திடீரென்று நின்றுபோன ஒரு பூரணை இரவில் கதையைத் தொடங்கிப் பாருங்கள்.

6. கேட்டுவிட்டு வையுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொன்னாலும் தாண்டிப் போகாதீர்கள். வைரவர், காளி, பேச்சியம்மன், நாகதம்பிரான் போன்றவை யாரோ ஒருவருடைய வீட்டுத் தெய்வம். அவற்றுக்கு உயிர்ப்புள்ளி எழுதாதீர்கள். ஜின் பலருக்கு நம்பிக்கை சார்ந்தது. காத்தான்குடி, அக்கரைப்பற்று நண்பர்கள் மேசையில் இருந்தால் முதலில் கேளுங்கள். சிலர் "பரவாயில்லை, வை" என்பார்கள், சிலர் "வேணாம் மச்சான்" என்பார்கள். இரண்டும் சரி.

கடலிலிருந்து எழுந்து வரும் பிரேதங்கள் என்று ஒரு காட்சி எழுதத் தோன்றலாம். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மட்டக்களப்பும் பெரிதாக இழந்தது. மேசையில் இருப்பவரின் வீட்டுச் சுவரில் அந்த நாளின் படம் தொங்கலாம். காணாமல்போனவர், ஆயுதக்காரர் வரும் இரவு, இவையும் அப்படியே. ஆட்டத்துக்கு முன் ஒரு தாளில் "இது வேண்டாம்" என்று ஆளுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள், பெயர் போடத் தேவையில்லை. ஆட்டத்தின் நடுவிலும் யாராவது கையைக் காட்டினால் காரணம் கேட்காமல் காட்சியை மாற்றுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் "பிள்ளைகள் பேயைக் கூப்பிட்டு விளையாடுதுகள்" என்று பயந்தால் கதவைச் சாத்தாதீர்கள். உள்ளே கூப்பிட்டு ஒரு பகடையை உருட்டக் கொடுங்கள்.

7. வரவு கொடுங்கள்

வடமோடிக் கூத்தில் ஒரு பாத்திரம் களரிக்குள் சும்மா வந்து நிற்பதில்லை. மத்தளம் மாறும், வரவுத் தரு என்ற நுழைவுப் பாட்டு எழும், ஆட்டத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அரசன் வருமுன் கட்டியகாரன் வந்து சொல்வான். மொன்ஸ்டருக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும். மூன்று அடையாளம் எழுதி வையுங்கள், ஒன்று காதுக்கு, ஒன்று மூக்குக்கு, ஒன்று கண்ணுக்கு. களவெட்டிப் பூதத்துக்கு: காற்றில்லாமல் வைக்கோல் சரசரக்கிறது, ஈரமண் வாசனை, பொலியின் உச்சியில் யாரும் வைக்காத ஒரு கைத்தடம். மூன்றையும் ஒன்றாகக் கொட்டாமல் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கு ஒன்றாக விடுங்கள்.

பெயரை மட்டும் சொல்லாதீர்கள். "ஒரு இம்ப் வருகிறது" என்றால் புத்தகம் வாசித்தவர் உடனே எண்ணைச் சொல்லிவிடுவார். "முழங்கால் உயரம், முதுகில் சாம்பல் பூசிய மாதிரி, உங்களைப் பார்த்து 'எனக்கு எத்தனை மரைக்கால்?' என்று கேட்கிறது" என்று சொல்லுங்கள். குரலை மாற்றத் தெரியாவிட்டால் மாற்ற வேண்டாம், மெதுவாகப் பேசினாலே போதும்.

சண்டை வந்துவிட்டால், மொன்ஸ்டர் எப்போது ஓடும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். பாதி உயிர்ப்புள்ளி போனதும் ஓடும் என்பது நல்ல பொதுவிதி. செத்தவையும் பொறிகளும் மட்டும் ஓடா. தப்பிப்போன கொப்ளின் அடுத்த வாரம் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வரும், உங்களுக்கு எழுதும் வேலையும் குறையும்.

8. வாதத்தை ஆட்டத்துக்குப் பிறகு வையுங்கள்

இப்போது "எது சிறந்தது?" என்று கேட்டால் விடைகள் மாறியிருக்கும். ட்ராகன் கட்சிக்காரர் பூதத்தின் பேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஆளுக்கொரு மொன்ஸ்டரை முன்வைக்கச் சொல்லுங்கள், மூன்று வரியில்: அதற்கு என்ன வேண்டும், வருமுன் என்ன தென்படும், வாளில்லாமல் என்ன வழி. வகையையும் தரத்தையும் சொல்லக் கூடாது. கை உயர்த்தி வாக்கெடுங்கள். தன் மொன்ஸ்டருக்கே கை உயர்த்தக் கூடாது என்று ஒரு விதியும் போடுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு வாக்கோடு நின்றுவிடும். அதிகக் கை விழுந்தவர்தான் அடுத்த வாரம் டி.எம்.; எண்களைத் தேடி எடுக்கும் வேலையும் அவருடையது. மறுகா எங்கே கூடுவது, யார் தேத்தண்ணி போடுவது என்பதை எழும்புவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.